தானே கற்பவனின் சாட்சி

ஆசிரியர் இல்லாமல் பௌதிகம் படிக்கிறவனுக்கு ‘புரிந்தது’ என்று சொல்லிக்கொள்ள என்ன உரிமை? மார்க் போட ஆளில்லை. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதும் வெகு சுலபம்.

மைக்கேல் ஃபாரடே 1805-ல், பதினான்கு வயதில், லண்டனில் ஒரு புத்தக பைண்டரிடம் தொழில் பழகச் சேர்ந்தவர். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானத்துக்குள் நுழைந்தார். ஜேன் மார்செட்டின் ரசாயன உரையாடல் நூலில் இருந்ததையும் அப்படியே ஏற்கவில்லை. கைக்காசுக்கு எட்டிய சிறு சோதனைகள் செய்து பார்த்துத்தான் நம்பினார். (9.8 என்ற எண்ணை, ஒரு கல்லைக்கூடப் போட்டுப் பார்க்காமல், ஒப்பித்துத் தேறியவர்கள் நாம்.)

இதைப் புனிதக் கதையாக்கிவிடவும் வேண்டாம். அவருக்குக் கணிதம் தெரியாது. இரும்புத்தூளில் அவர் கண்ட விசைக்கோடுகளுக்குச் சமன்பாடு தந்தவர், கேம்பிரிட்ஜில் முறையாகப் படித்த மாக்ஸ்வெல். அங்கே ஃபாரடேயும் நம்மைப்போலப் பிறர் வார்த்தையை நம்பவேண்டியவராகிறார். அது அவருக்குச் சம்மதமில்லை. கணிதக்காரர்கள் தம் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா என்று 1857-ல் மாக்ஸ்வெல்லுக்கு எழுதுகிறார். அப்படிச் சொன்னால் தாமும் அவற்றைச் சோதனையில் போட்டுப் பார்க்கலாமே என்பது அவர் தரும் காரணம்.