அந்துருண்டையும் ஆலகாலமும்

சென்னையில் கூவம் ஆறு வளைந்தோடும் இடத்தில், நெசவாளருக்கும் நூல் நூற்போருக்குமாக 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினி உண்டாக்கிய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. துணியைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றும் கவலை அங்கே மட்டுமல்ல, எந்த ஊர் அலமாரியை விட்டும் இன்னும் போகவில்லை. பிரதோஷத்துக்கு அவ்வூர் ஆதிபுரீஸ்வரர் சந்நிதிக்கு வருகிற பட்டுப்புடவையில் அந்துருண்டை வாசனை இருந்தால் யாரும் வியப்பதில்லை. நஞ்சுண்ட சிவனுக்குரிய அந்தப் பொழுதில் அந்த வாசனையை முன்வைத்து ஒரு கேள்வி கேட்கலாம்: அந்த உருண்டை நஞ்சா? ஆம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் முடித்துக்கொள்வதுதான் பிழை என்பது என் கட்சி.

அந்துருண்டையில் இருப்பது நாஃப்தலீன், தார் எண்ணெயிலிருந்து பிரிக்கப்படும் பொருள். சுண்டெலி அதைச் சுவாசித்தால் அதன் நுரையீரலின் நுண்குழாய்களை உள்ளே போர்த்தியிருக்கும் ஒருவகைச் செல்கள் சாகின்றன. ஆனால் கொல்வது நாஃப்தலீன் அல்ல. அந்தச் செல்லிலுள்ள சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதி ஒன்று நாஃப்தலீனுடன் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து, எதையும் பற்றிக்கொள்ளத் துடிக்கும் எபாக்சைடு ஆக்குகிறது. அதைத் தணிக்கும் குளூட்டாதயோனின் கையிருப்பு தீரும்வரை செல் சமாளிக்கும்; தீர்ந்ததும் அந்த எபாக்சைடு செல்லின் புரதங்களையே பற்றிக்கொள்ளும். மரபணுவில் அந்த ஒரு நொதியை நீக்கிய சுண்டெலிகளின் நுரையீரலுக்கு அதே நாஃப்தலீன் அந்தக் கேட்டைச் செய்வதில்லை. சுண்டெலியல்லாத பெரிய எலிக்கோ அடி நுரையீரலில் அல்ல, மூக்கில் விழுகிறது. மனித நுரையீரலில் இந்த வகை நொதியின் செயல் மிகக் குறைவு. ஆனால் ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தையை அந்துருண்டை வாசம் போகாத துணியில் சுற்றினால், அக்குழந்தையின் உடலே நாஃப்தலீனை மாற்றி உண்டாக்கும் பொருள்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. கடும் மஞ்சள் காமாலை வருகிறது. பக்கத்துத் தொட்டில் குழந்தைக்கு அதே துணியால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. உருண்டை ஒன்றுதான். அப்படியானால் நஞ்சு எங்கே இருந்தது?

சைவ சித்தாந்தம் உடலை இகழ்வதில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் உயிர் இருளிலிருந்து மீள்வதற்கு இறைவன் கூட்டித் தந்தவை என்கிறது. அப்படித் தந்த கருவியே நஞ்சு சமைக்கிறதென்றால் அது எப்படி அருள்? இந்த ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பி450 செய்யும் காரியத்தைப் பார்க்க வேண்டும். கொழுப்பில் கரைந்து உடலில் தங்கிவிடும் பொருளை நீரில் கரையவைத்து வெளியேற்றுவது அதன் தொழில். கீரையிலும் கிழங்கிலும் வரும் எத்தனையோ பொருள்களை அது நாள்தோறும் அப்படித்தான் அப்புறப்படுத்துகிறது. நாஃப்தலீனிடம் அது வேறொன்றும் செய்யவில்லை. காக்கும் செயலும் கெடுக்கும் செயலும் ஒரே செயல். ஜி6பிடி குறைவும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால்தான் மலேரியா மிகுந்த நிலங்களில் நிலைத்தது. அக்குழந்தையின் துன்பத்துக்கு முன்வினை என்று பதில் சொல்வோர் உண்டு. தொட்டிலருகே நின்று அதைச் சொல்வது எதையும் விளக்குவதில்லை. துணியை யார் சுற்றினார் என்ற கேள்வியை மறைக்கத்தான் உதவுகிறது.

பாற்கடலில் எழுந்த ஆலகால நஞ்சைச் சிவன் உண்ட கதையை நாம் ஈசனின் சீரண சக்தியின் புகழாகப் படித்துப் பழகிவிட்டோம். கதை சொல்வது அதுவல்ல. நஞ்சு உள்ளே இறங்கவில்லை, வெளியே உமிழப்படவும் இல்லை, கண்டத்தில் நின்றது. மாற்றும் நெருப்பிடம் அதை ஒப்படைக்காமல் நிறுத்தியதே அங்கே அருள் என்று நான் வாசிக்கிறேன்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. உடல்தான் நஞ்சாக்குகிறது என்றால் விற்றவன் தப்பித்துக்கொள்வானே? பாராகுவாட் களைக்கொல்லியை வைத்து இதற்குப் பதில் தேடலாம். 1962இல் சந்தைக்கு வந்த மருந்து அது. நுரையீரல் செல்கள் பாலிஅமீன்களை இழுத்துக்கொள்ளும் வழியிலேயே அதையும் இழுத்துச் சேர்க்கின்றன. அங்குள்ள நொதிகள் அதற்கு எலக்ட்ரான் தருகின்றன. மூச்சில் வந்த ஆக்சிஜன் அதைப் பறித்துக்கொண்டு தானே நாசகாரியாகிறது. சுற்று மறுபடி தொடங்குகிறது. மூச்சுத் திணறுகிற நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்க மருத்துவர் தயங்க வேண்டிய அவலம் இதனால்தான். இங்கே நொதி, உயிர்வளி, களைக்கொல்லி மூன்றும் சடம். சித்தாந்தத்தின் மொழியில், அறிவில்லாததற்கு வினையில்லை. அறிவுள்ளது எதுவோ அதனிடம்தான் பொறுப்பு சேரும். இவை சந்திக்கும் என்று தெரிந்தும் சந்திக்க ஏற்பாடு செய்தவரிடம். பொருளை மட்டும் நஞ்சென்று ஏசும்போது, அந்த ஏற்பாட்டாளர் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். இலங்கை 2008 தொடங்கிப் படிப்படியாகப் பாராகுவாட்டை விலக்கியது. கேரளம் 2011இல் தடை செய்தது. பாராகுவாட்டின் வேதியியலும் மாறவில்லை, அங்குள்ளவர்களின் நுரையீரலும் மாறவில்லை. கடை அலமாரியில் எது இருக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள், தெரிந்ததைத் தெரிந்ததாக ஒப்புக்கொண்டார்கள்.

அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கும் என்ற பழைய மருத்துவ வாக்கு மிச்சமிருக்கிறது. அது உண்மை, ஆனால் பாதி. யாருடைய அளவு என்று கேட்காமல் அந்த வாக்கு நகராது. ஒரே அளவு அந்துருண்டை வாசம் இரண்டு தொட்டில்களில் இரண்டு விதமாக முடிகிறபோது, எந்தக் குழந்தைக்கு எந்த நொதி குறைவு என்று வீட்டாருக்கு முன்கூட்டித் தெரியப்போவதில்லை. ஆகவே கைக்குழந்தையின் துணி இருக்கும் பெட்டியில் அதைப் போடாமலிருப்பது, தெரிந்தவர் ஒவ்வொருவர் மேலும் விழுகிற கடமை.