நம்மட ஆளுக்கு ஒரு நியாயமா?

இலஞ்சக் குற்றச்சாட்டு நிரூபணமானது என்று ஆணைக்குழு அறிக்கை தருகிறது. ஊரோ அதே மனிதரை மறுபடி பாராளுமன்றத்துக்கு அனுப்புகிறது. இது கல்முனையில் நடந்தது.

கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டத்தோடு அரசியலுக்கு வந்தவர். 1947இல் கல்முனையின் உறுப்பினர். 1956இல் தமிழரசுக் கட்சியில் வென்று, பிறகு ஆளுந்தரப்புக்குப் போனார். 1960இல், இலஞ்சக் குற்றச்சாட்டுகளை விசாரித்த தலகொடபிட்டிய ஆணைக்குழு அவருக்கு எதிராக முடிவு சொன்னது. 1965இலும் அவரே எம்.பி. அந்த வருடமே பாராளுமன்றம், பெயர் குறித்து, அவர் உட்படச் சிலருடைய குடியியல் உரிமையைப் பறித்துச் சட்டம் போட்டது. ஏழு வருடங்களுக்கு வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. இருந்த ஆசனமும் போனது.

இதில் ஊரும் தவறியது, பாராளுமன்றமும் தவறியது.

"நம்மட ஆளுதானே, ஊருக்கு எவ்வளவு செஞ்சவர்!" இந்தப் பேச்சு குற்றச்சாட்டுக்குப் பதிலாகாது. பாதை போட்டுத் தந்தவரும் கணக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பது குர்ஆனில் சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் இடும் கட்டளை. அதை ஓதும் ஊர், வாக்குச்சாவடியில் மட்டும் அதை எப்படி மறந்தது?

பாராளுமன்றத்தின் தவறு வேறு மாதிரி. ஆணைக்குழு நீதிமன்றமல்ல. அதன் முடிவை வைத்தே, விசாரித்துத் தீர்க்கும் வேலையில்லாத ஒரு சபை, பெயர் சொல்லி உரிமையைப் பறித்தது. ஸ்டூவர்ட் மன்னர் காலத்து இங்கிலாந்து இதைவிடக் கொடிதாகச் செய்தது. 1641இல் மன்னரின் ஆலோசகரான ஸ்ட்ராஃபோர்ட் பிரபுவின் குற்றத்தை விசாரணையில் நிலைநாட்ட முடியாமல், தனிச்சட்டம் இயற்றித் தலையை வெட்டினார்கள். காரியப்பர் தன் உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1967இல் தோற்றார். அந்தச் சட்டம் பொதுவாழ்வைத் துப்புரவாக வைக்கும் ஏற்பாடுதான், நீதிமன்றத்தின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டதாகாது என்றார்கள் அங்கிருந்த நீதிபதிகள். சட்டம் செல்லும் என்பதை ஏற்கிறேன். அது நியாயம் என்பதை ஏற்க மாட்டேன். பிடிக்காதவருக்கும் முறையான விசாரணை வேண்டும்.

2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி, உறுப்பினர்கள் சொத்து விவரம் காட்டக் கடமைப்பட்டவர்கள். பக்கத்துத் தொகுதிக்காரரிடம் கேட்கும் அதே குரலில், நம்மட உறுப்பினரிடமும் அதைக் கேளுங்கள்.