துவக்கைக் கீழே வைத்த பிறகு

1980களின் தொடக்கத்தில் இருபது வயதில் ஆயுதம் தூக்கியவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. சித்திர வேலாயுதர் கோயிலைச் சுற்றியிருக்கும் சித்தாண்டியில் அப்படி ஒருவர் கண்ணை மூடினால், வசதிப்பட்ட வீட்டார் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்னும் நினைவு நூல் அச்சிடுவார்கள். ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் திதி வெண்பாவில் அடங்கிவிடும். திவசத்துக்கு நாள் பார்க்க வேண்டுமே. பிறப்பும் பிள்ளைகளும் எழுதியாயிற்று. அதன்பின்தான் சங்கடம். இவரை யாரென்று எழுதுவது? சில வருடம் துவக்கோடு நின்றவர் என்றா, முப்பது வருடம் வயலில் நின்றவர் என்றா?

உடல் விழுந்தாலும் வினை உயிரைத் தொடரும் என்கிறது சைவ சித்தாந்தம். அப்படியானால் எந்த வினையைச் சொல்லி அவரை நினைப்பது?

பெரியபுராணத்தில் இதற்கு நேரான ஒரு வாழ்க்கை உண்டு. முதலாம் நரசிம்மவர்மனின் சேனாபதி பரஞ்சோதியார், 642இல் வாதாபியை அழித்த படையை நடத்தியவர். அவர் சிவனடியார் என்று தெரிந்ததும் மன்னன் பதறிப்போய், பொருள் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறான். வாதாபியைச் சில பாடல்களில் முடித்துவிட்டு, திருச்செங்காட்டங்குடியில் அவர் அடியாருக்குச் சோறிட்ட வாழ்க்கையைத்தான் சேக்கிழார் விரித்துப் பாடுகிறார். அதில் அவர் அடியாருக்குத் தம் மகனையே சமைத்துப் படைக்கும் பிள்ளைக்கறி இன்றும் நெஞ்சைப் பதறவைக்கிறது; அது தனியே பேசவேண்டியது. ஆனால் சித்திரைப் பரணியில் அவர் குருபூசை பெறுவது சேனாபதியாக அல்ல, சிறுத்தொண்டராக.

மற்ற நாயன்மார்களையும் பாருங்கள். திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தார். திருநீலகண்டர் மண்பாண்டம் வனைந்தார். அதிபத்தர் மீன்பிடித்தார், நேசர் நெய்தார். அப்பர் கையில் உழவாரம். தொழிலை விட்டுவிட்டு இவர்கள் கதையைச் சொல்லவே முடியாது.

நமது கல்வெட்டுகளிலோ அதிபருக்கும் எழுதுவினைஞருக்கும் பதவி, இடமாற்றம், ஓய்வு எல்லாம் பந்தி பந்தியாக வரும். கூலிக்காரருக்கு ‘உழைத்து வாழ்ந்தார்’ என்று ஒரே வரி. இது அநியாயம். துவக்கைக் கீழே வைத்த நம்மவரோ நிலக்காரரான போடியாரின் வயலில் முல்லைக்காரராக நின்று வேலையாட்களை நடத்தியவர். வேளாண்மை விளைந்த காலத்தில் யானைக்குப் பயந்து பரணில் இரவிரவாக விழித்திருந்தவர். வெட்டிய கதிரை மழைக்கு முன் சூடாக அடுக்கி வைத்தவர். இவ்வளவும் அந்த ஒரு வரிக்குள் புதைந்துபோகிறது.

கல்வெட்டுப் பாடுகிறவர் அவருடைய மனைவியிடம் கேட்கட்டும், கூட வெட்டுக்குப் போனவர்களிடம் கேட்கட்டும். எந்த வயல் வட்டையில், யாருடைய காணியில், எத்தனை போகம் என்று அவர்கள் சொல்வார்கள். துவக்குக் காலத்தையும் மறைக்காமல், அதற்குரிய அளவில் எழுதட்டும்.