யூதாசுக்கு ஒரு தனிமொழி

தவக்காலத்தை ஒட்டி நம் ஊர்கள் பலவற்றில் பாஸ்கா நாடகம் நடைபெறுகிறது. அதில் யூதாசு தனித்து நின்று பேசும் தனிமொழியை எழுத அமர்பவர் ஓர் அறக்கேள்வியைச் சந்தித்தாக வேண்டும். பாவியின் நெஞ்சுக்குள் புகுந்து அவன் நாவாலேயே பேசுவது, பாவத்திற்காக வழக்காடுவதாகிவிடாதா?

உரையாடலில் ஒருவன் பொய் சொன்னால் மறுத்துரைக்க மற்றொருவன் இருப்பான். தனிமொழியில் அதற்கு ஆளில்லை. இதற்கு அஞ்சும் ஆசிரியர் சிலர், யூதாசே தன்னைத் துரோகி என்று ஏசிக்கொள்ளுமாறு எழுதிவிடுகின்றனர். அங்கே நாம் கேட்பது யூதாசின் உடையணிந்த ஆசிரியரின் மறையுரையே. மனிதன் தீமையையும் ஏதோ ஒரு நன்மையாகக் கண்டே நாடுகிறான் என்பது புனித தாமஸ் அக்குவினாசின் போதனை. அந்தப் போலி நன்மை எது என்பதைத் தனிமொழி காட்ட வேண்டும்.

டி. எஸ். எலியட் இதைச் செய்து காட்டினார். 1170இல் கொலையுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டைப் பற்றிய அவரது நாடகம் 1935இல் கான்டர்பரியில் அரங்கேறியது. அதில் கொலைசெய்த வீரர்கள் பார்வையாளரை நோக்கித் திரும்பி, நாட்டின் ஒழுங்கு, தம் தன்னலமின்மை என்றெல்லாம் நியாயம் பேசுகின்றனர். கேட்கும் நம் தலையும் சற்றே அசைகிறது, பிறகு நாணுகிறோம். ஏனெனில் அந்தக் கொலையைச் சற்றுமுன்புதான் நம் கண்ணெதிரே கண்டோம். செயலை மறைக்காமல் காட்டிய ஆசிரியருக்கே, செய்தவனைப் பேசவிடும் உரிமை உண்டு.

யூதாசின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. மத்தேயு நற்செய்தி 27ஆம் அதிகாரத்தில், அவன் முப்பது வெள்ளிக் காசுகளைத் திருப்பிக் கொண்டுவந்து, மாசற்றவரைக் காட்டிக்கொடுத்த தன் பாவத்தை அறிக்கையிடுகிறான். கேட்டவர்கள் தலைமைக் குருக்களும் மூப்பர்களும். 'எங்களுக்கென்ன?' என்ற பொருள்பட அவர்கள் கைவிரித்துவிட்டனர். அவன் காசுகளைக் கோவிலில் எறிந்துவிட்டுப் போய்த் தூக்கிட்டுக்கொண்டான். ஒப்புரவு அருட்சாதனத்தில் செவிமடுக்க அமரும் என்போன்ற குருக்களுக்கு இது நடுக்கம் தரும் பகுதி. அவர்கள் கைவிரித்ததால் அவன் குற்றம் குறைந்துவிடவில்லை. ஆயினும் அவர்கள் மறுத்த செவியை இன்று மேடைமுன் அமர்ந்திருக்கும் மக்கள் அவனுக்குத் தரலாம். ஒருவனுக்குச் செவிமடுப்பது அவனைக் குற்றமற்றவன் என்று விடுவிப்பதாகாது.

ஆகவே, நாடகம் எழுதும் நம் பங்கு இளைஞர்களே, யூதாசு தன் காரணங்களையெல்லாம் சொல்லட்டும். அவன் பேசி முடிக்கும்வரை அந்த முப்பது காசுகளும் அவன் கையிலேயே இருக்கட்டும்.