அனுபவம்: இல்லை

இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் ரெஸ்யூமைத் திருத்தித் தரச்சொல்லிக் கொண்டுவந்தாள். உணவுப்பொருள் நிறுவனமொன்றின் தரப்பரிசோதனைப் பிரிவுக்கான விண்ணப்பம். ஒரே பக்கம், பிழையில்லை. ‘பணி அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தது.

அவள் போடிநாயக்கனூர்க்காரி. விடுமுறைகளில் விடியுமுன் அம்மாவோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். மற்ற நாட்களில் குடோனில் காய் பொறுக்குகிறவள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் வேலையா மேடம்? கூலிக்குத்தானே போனேன்” என்றாள்.

ஏலச்செடியின் தூரில், தரையையொட்டிக் கிடக்கும் சரத்தில் முற்றிய காயை மட்டும் எடுக்க வேண்டும். இளங்காயும் பூவும் அடுத்த சுற்றுக்கு. குடோனிலோ 7 மில்லிமீட்டரும் 8 மில்லிமீட்டரும் சேர்ந்துவிடக் கூடாது. நிறம் வெளுத்தது, வெடித்தது தனி. போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். அந்த விலைக்குப் பின்னால் இவளுடைய கண் இருக்கிறது. தரப்பரிசோதனை என்பது வேறென்ன?

அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. குழந்தை பிறந்தபின் இரண்டாண்டுகள் வீட்டிலிருந்தேன். பிறகு நேர்காணலில் கேட்டபோது, “சும்மாதான் இருந்தேன் சார்” என்றேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வீட்டுவேலை செய்யும் பெண்களை ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில்தான் வைத்தது. விபத்தில் இறந்த இல்லத்தரசி ஒருவருக்கான இழப்பீட்டு வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றம் அதைக் கண்டித்தது. நம் வாயிலிருக்கும் ‘சும்மா’வை எந்த நீதிமன்றம் கண்டிக்கும்?

ரெஸ்யூமில் பொய் கூடாது என்றால், இல்லாததைச் சேர்க்காதே என்றே புரிந்துகொள்கிறோம். இருந்ததை அழிப்பதும் பொய்தான். அதனால் அவளிடம் சொன்னேன்: “எந்த வேலை, எத்தனை வருஷம், என்ன தெரியும்னு எண்ணோட எழுது. ‘கடின உழைப்பாளி’ங்கிற வரியை எடுத்துரு.”

அவள் தயங்கினாள். “எழுதினா நாங்க யாரு, எந்தத் தெருன்னு கண்டுபிடிச்சிருவாங்க மேடம்.”

இதற்கு என்னிடம் பதிலில்லை. உண்மை சொல்வது அறம் என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவள் எளிதாகச் சொல்லிவிடலாம். அதன் விலையைக் கொடுக்கப்போகிறவள் அவள். எழுதுகிறவளிடம் நேர்மையைக் கேட்கும் நாம், வாசிக்கிறவரிடம் அதே நேர்மையைக் கேட்பதில்லை. கூலி என்ற சொல்லில் திறமையைப் பார்க்காமல் சாதியைப் பார்க்கிறவர் கையில் எந்த ரெஸ்யூமும் நேர்மையாக வாசிக்கப்படப் போவதில்லை.

மறுநாள் கொண்டுவந்தாள். ‘ஏலக்காய் தரம் பிரித்தல், மூன்று ஆண்டுகள்’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. தோட்டம் இல்லை. நான் கேட்கவில்லை. என் ரெஸ்யூமிலும் அந்த இரண்டாண்டுகள் இன்னும் வெற்றிடமாகத்தான் இருக்கின்றன.