சாவி கைக்கு வந்த பிறகு

2021 நவம்பரில் பெய்த மழையைத் திருப்பதியும் சித்தூரும் மறந்திருக்காது. ஸ்வர்ணமுகி ஆறு கரை புரண்டது. ராயலசெருவு ஏரி உடைந்துவிடுமோ என்று கீழே இருந்த ஊர்கள் கண் மூடாமல் கிடந்தன. சித்தூரில் நீவா ஆறு வீடுகளுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்த சமயம், திருப்பதி எம்.ஆர். பள்ளியை ஒட்டிய கிருஷ்ணா நகரில் ஒரு வீட்டுச் சம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மண்ணுக்குள் இறக்கிய சம்ப். அது அப்படியே முழுசாகத் தரைக்கு மேலே எழும்பி நின்றது. உள்ளே இறங்கிக் கழுவிய பெண் தப்பி வெளியே வந்துவிட்டார். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பலர் அதிசயம் என்றார்கள்.

காரணம் எளியதுதான். மழையில் நிலத்தடி நீர் மேலேறி, சுற்றியிருந்த மண் கூழாகிவிட்டது. உள்ளே நிறைந்திருந்த தண்ணீரின் கனம்தான் சம்பை அழுத்திப் பிடித்திருந்தது. அதை இறைத்துவிட்டதும், தண்ணீருக்குள் அமுக்கிய காலிக் குடம் கையை எடுத்தால் மேலே வருவதுபோல வந்துவிட்டது. அடைமழை நாளில் சம்பைக் காலி செய்யக் கூடாது என்பது இன்ஜினியருக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு அதை யார் சொல்வது?

இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சித்தூரில் பிறந்து வளர்ந்த நாங்கள், அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து திருப்பதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று கட்டி முடித்தோம். படிக்க வந்த பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களும் வாடகைக்கு இருக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அத்தனை உறவும் வந்தது. பால் பொங்கியது, பந்தி நடந்தது, மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம். அவர் பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அதில் தப்பில்லை, அவர் வேலை முடிந்தது. எங்கள் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

பூச்சு போடுவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைத்திருந்தோம். எந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகிறது, வயர் எங்கே திரும்புகிறது, செப்டிக் டேங்க் மூடி எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கட்டடத்தின் ஜாதகம் என்று நான் நினைப்பது இதைத்தான். பத்து வருடம் கழித்து ஒரு கசிவைத் தேடி நான்கு சுவரை உடைக்காமல் இருக்க வேறு வழியில்லை.

புதுக் கட்டடம் முதல் வருடம் சும்மா இருக்காது. பூச்சு காயும், செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேருகிற இடத்தில் மயிரிழையாகக் கோடு விடும், அடிச்சுவரில் உப்பு பூக்கும். இதையெல்லாம் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போனபின் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் தீரும். பயப்பட வேண்டியது வேறு விரிசலுக்கு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும், சுவரின் இரண்டு பக்கமும் தெரியும், மாதத்துக்கு மாதம் நீளும். விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பது பழைய வழக்கம். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினாலும் போதும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அன்றைக்கே இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

விரிசல் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஸ்ரீகாளஹஸ்திக் கோயில்தான் நினைவுக்கு வரும். கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 இரவு சரிந்து விழுந்தது. விரிசல் முன்பே கண்ணில் பட்டிருந்தது. அது பெரிதானதும் ஆட்களை அப்புறப்படுத்தியதால் மனித உயிர் போகவில்லை. ஏறக்குறைய ஐந்நூறு வருடம் எத்தனை மழை, எத்தனை இடி தாங்கிய கோபுரம் அது. அதே இடத்தில் புதிதாகக் கட்டி 2017-ல் கும்பாபிஷேகம் நடத்தினார்கள். புதுக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, இதைத் தினமும் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்ற நினைப்புதான் எனக்கு முதலில் வருகிறது. கட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். காப்பவருக்குக் கல்லில் இடமில்லை.

நம் முன்னோர்கள் இதை யோசிக்காமல் இல்லை. கோயில் எடுத்தவர்கள் அதன் பழுது பார்ப்பதற்கென்றே நிலம் எழுதி வைத்தார்கள். கல்வெட்டுகள் அந்த நிலத்தைப் புதுக்குப்புறம் என்கின்றன. எங்கள் கட்டடத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று சொன்னேன்.

“புதுக் கட்டடத்துக்கு என்ன ரிப்பேர் வரப் போகுது அண்ணா?” என்றான் தம்பி.

“இப்ப வராதுடா. வர்ற அன்னிக்கு நம்ம கையில காசு இருக்காது” என்றேன்.

இப்போது வருடத்தில் ஒரு மாத வாடகை தனிக் கணக்கில் போகிறது. பிள்ளைகள் படிப்போ கல்யாணமோ, எதற்கும் அதைத் தொடுவதில்லை என்று பேச்சு. பிளாட் வாங்கியவர்களுக்கு 2016-ஆம் வருட ரெரா சட்டம் ஒரு துணை. கட்டுமானக் குறை, வீடு கைக்கு வந்த ஐந்து வருடத்துக்குள் தெரிந்து முறையிட்டால் முப்பது நாளில் கட்டியவர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும். சொந்தமாகக் கட்டியவனுக்கு அவனேதான் துணை.

பணத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. கட்டடத்துக்கு ஓனர் என்றால் அதற்குள் வந்து போகும் ஒவ்வோர் உயிருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன். படிக்கட்டில் விளக்கு எரியவில்லை என்றால் இரவு டியூட்டி முடிந்து வரும் நர்ஸ் அம்மா தடுக்கி விழுவார். வாட்ச்மேன் குடும்பத்துக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு அதை வீடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஜன்னலும் கழிவறையும் உள்ள அறை அவர்களுக்கும் வேண்டும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஊர் வளர்ந்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வளரவில்லை. புதுக் காலனிகளில் பலவற்றுக்கு இன்னும் தொட்டிதான். பாதுகாப்பு இல்லாமல் ஒரு மனிதரை அதில் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு. சாக்கடையில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் “கழிவு உறிஞ்சுற லாரிக்கு அவ்வளவு செலவு எதுக்கு சார், ரெண்டு ஆளு வந்தா முடிஞ்சிடும்” என்று சொல்ல ஆள் இருக்கிறது. அந்த இரண்டு பேரும் நம்மைப்போலப் பிள்ளை குட்டி உள்ளவர்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து யாரும் வாழ வேண்டாம்.

மற்றவை சின்ன வேலைகள். ஐப்பசி பிறப்பதற்குள் மொட்டை மாடியின் தண்ணீர் வாயில் சருகு இல்லாமல் பார்க்க வேண்டும். ஓவர்ஹெட் டேங்க் மூடியை இறுக்கிக் கட்ட வேண்டும். மலையடிவாரத் தெருக்களில் குரங்கு திறந்துவிடும். மழைநீர்க் குழியில் படிந்த மண்டியை வார வேண்டும். ஆந்திராவில் 2002-லிருந்தே நீர், நிலம், மரச் சட்டம் மழைநீர் சேகரிப்பை வற்புறுத்துகிறது. ஆனால் அனுமதி வாங்கத் தோண்டிய குழியை மறுபடி எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நவம்பரில் முழங்கால் அளவு தண்ணீரும் மே மாதத்தில் டேங்கர் லாரியும் பார்க்கிற ஊருக்கு இது நல்லதில்லை.

புது வீட்டுக்குச் சாவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேஸ்திரியின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அவரையும் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு கட்டடத்தை அடியிலிருந்து மாடிவரை ஒருமுறை நடந்து வாருங்கள். எந்த வால்வு எதை மூடும், எந்த சுவிட்ச் எதை நிறுத்தும் என்று கேட்டு எழுதி, அந்தத் தாளின் ஒரு நகலைக் குடியிருக்க வருபவர்களிடமும் கொடுத்துவிடுங்கள்.