கேட்பது காதா, மனமா?

1985இல் 'ஸ்டீரியோஃபைல்' இதழின் ஆசிரியர்களிடம் பொறியாளர் பாப் கார்வர் ஒரு சவால் விட்டார். விலை உயர்ந்த வால்வ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் ஒலியைத் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அப்படியே கொண்டுவருவேன் என்றார். அவர்கள் நம்பவில்லை.

கார்வர் கையாண்ட வழி அழகானது. இரண்டுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒலிக்கும்படி நடுவில் ஒரு ஸ்பீக்கரை இணைத்தார். அது ஏறக்குறைய ஊமையாகும்வரை தன் சர்க்யூட்டைத் திருத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் எது எதுவென்று ஆசிரியர்களால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் கேட்பது காதா, விலையை முன்பே அறிந்துவிட்ட மனமா? ஐயமும் திரிபும் நீங்கியதே மாசற்ற காட்சி, அதாவது பிழையற்ற நேரடி அறிவு, என்கிறது சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி. கடையில் திரிபு எளிதாக நுழைகிறது. சற்றே சத்தம் கூடிய ஆம்ப்ளிஃபயர் கூடுதல் தெளிவானதாகத் தோன்றும். வாட் கணக்கும் மயக்கும்: 50 வாட் 100 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். 1978இல் வந்த என்ஏடி 3020 இன்டிகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் வெறும் 20 வாட்டில் பெரும் புகழ் பெற்றது.

பெயர் தெரிந்து கேட்கையில் பிறக்கும் இன்பமும் மெய்தான். அனுபவித்தவரிடம் அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த இன்பம் முழுவதும் கருவியிலிருந்தே வந்தது என்னும் முடிவில்தான் பிழை. வாங்குபவர் வோல்ட்மீட்டரால் ஒலியளவைச் சமன்செய்து, பெயர்களை மறைத்துக் கேட்கட்டும். வித்தியாசம் பிடிபடாவிட்டால் மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம். அங்கே வித்தியாசம் கண்ணை மூடினாலும் தெரியும்.